நூறு சதவீதம் காட்டுது, ஆனா வேலை நடக்கல

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் போன் செய்தான். கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுப்பவன். வீடு கட்டத் தொடங்கும் முன்பே, கட்டி முடித்த மாதிரி வெயிலும் நிழலுமாகப் படம் காட்டுவார்களே, அந்த வேலை. கடன் வாங்கிப் புதிதாக ஒரு வொர்க்ஸ்டேஷன் போட்டிருந்தான். 16 கோர் செயலி, 64 ஜிபி ரேம்.

“அண்ணே, ஏமாந்துட்டேன் போலிருக்கு. பழைய மெஷின்ல 50 நிமிஷம் எடுத்த படம் இதுல 40 நிமிஷம் எடுக்குது. சிபியு மீட்டரைத் திறந்து பார்த்தா எல்லா கோரும் 100 சதவீதம் காட்டுது. வேலை மட்டும் நடக்கல.”

கடைக்காரரைக் கேட்டிருக்கிறான். “அந்த சாஃப்ட்வேர் அப்படித்தாங்க” என்று சொல்லிவிட்டார். சாஃப்ட்வேர் தெரிந்தவர்களைக் கேட்டால் “ஹார்டுவேரைப் பாருங்க” என்றார்கள். ஒரே வாரத்தில் விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டாயிற்று. கையில் இருந்த ஒரு பெரிய வேலையை வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்கிற யோசனையில் இருந்தான்.

அவனுக்குப் பதில் சொல்வதற்காக என் பழைய குறிப்புகளைப் புரட்டியபோதுதான் இந்தக் கட்டுரைக்கான விதை கிடைத்தது. “புது மெஷின், ஆனா ரெண்டரிங் மெதுவா இருக்கு” என்ற புகாருக்கு நீளமான வரலாறு உண்டு. அதில் ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது. முதலில் பிடிபடுபவன் உண்மையான குற்றவாளியாக இருப்பதில்லை. ஆனால் அவன்மீது சொல்லப்படும் குற்றம் கேட்பதற்கு மிக நியாயமாக இருக்கும்.

1980: நேரம் எங்கே போகுது?

ரெண்டரிங் என்றால் என்ன என்று முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கணினிக்குள் ஒரு காட்சியை வடிவங்களாகவும் விளக்குகளாகவும் எழுதி வைத்திருக்கிறோம். படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு ஒளிக்கதிரை அனுப்பி, அது எந்தப் பொருளில் மோதுகிறது, எங்கே தெறிக்கிறது, அங்கே வெளிச்சமா நிழலா என்று கணக்குப் போட்டு, அந்தப் புள்ளிக்கு ஒரு நிறம் கொடுக்க வேண்டும். இதுதான் கதிர் தொடரும் முறை.

இந்த முறையில் பிரதிபலிப்பையும் கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவலையும் சேர்த்துக் காட்டிய கட்டுரையை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த டர்னர் விட்டெட் 1980 ஜூனில் வெளியிட்டார். கட்டம் போட்ட தரைக்கு மேல் இரண்டு உருண்டைகள் மிதக்கும் அந்தப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 640-க்கு 480 புள்ளிகள். அதைச் செய்து முடிக்க வாக்ஸ்-11/780 என்ற கணினிக்கு 74 நிமிடம் ஆனது. அன்றைக்கு அது சின்ன கணினி இல்லை. ஒரு துறை முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்குப் பெரியது.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்த 74 நிமிடத்தைத்தான். எனக்குப் பிடித்தது அதே கட்டுரையில் இருக்கும் வேறொரு தகவல். விட்டெட் நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்து எழுதி வைத்தார். எளிய காட்சி என்றால் மொத்த நேரத்தில் 75 சதவீதம், சிக்கலான காட்சி என்றால் 95 சதவீதம் வரை, “இந்தக் கதிர் எந்தப் பொருளில் மோதுகிறது?” என்ற ஒரே கேள்விக்குப் போகிறது. நிறம், பளபளப்பு எல்லாம் மிச்சம் இருக்கும் துளியில் முடிந்துவிடுகிறது.

அளந்ததால் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தது. அதே 1980-இல் ஸ்டீவன் ரூபினும் விட்டெட்டும் சேர்ந்து இன்னொரு வழி சொன்னார்கள். பொருள்களைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைத்துவிடுங்கள். கதிர் பெரிய பெட்டியைத் தொடவில்லை என்றால் உள்ளே இருக்கும் எதையும் சோதிக்க வேண்டியதில்லை. இன்றைய ரெண்டரர்கள் பலவற்றின் உள்ளே ஓடுவது இந்த யோசனையின் வாரிசுகள்தான். வாக்ஸைவிடப் பெரிய கணினி வேண்டும் என்று கேட்டுவிட்டு அவர்கள் சும்மா இருந்திருக்கலாம். அளந்து பார்த்ததால் வேறு கதவு திறந்தது.

பசி ஏறுவது வேறு, பழுது வேறு

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. மெதுவாக இருப்பதெல்லாம் பழுது இல்லை.

வாயேஜர் விண்கலங்கள் கோள்களைக் கடந்து போவதை அசையும் படங்களாகச் செய்து காட்டிய ஜிம் பிளின் பெயரில் ஒரு விதி சொல்வார்கள். தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறினாலும் ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும் என்பது அதன் சாரம். மெஷின் இரண்டு மடங்கு வேகமானால், கலைஞர் இரண்டு மடங்கு விவரத்தைக் காட்சிக்குள் வைத்துவிடுவார். பை பெருத்தால் செலவும் பெருக்கும், அவ்வளவுதான்.

பிக்ஸார் நிறுவனத்தின் கணக்கு இதற்கு நல்ல சாட்சி. 1995-இல் வந்த ‘டாய் ஸ்டோரி’யை 117 சன் கணினிகள் சேர்ந்து ரெண்டர் செய்தன. சுமார் 1,14,000 ஃபிரேம், மொத்தம் 8 லட்சம் கணினி மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு ஃபிரேமுக்குச் சராசரியாக 7 மணி நேரம். 18 வருடம் கழித்து, 2013-இல் ‘மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி’ வந்தது. இப்போது கையில் இருந்ததோ 24,000 கோர். ஆனாலும் ஒரு ஃபிரேமுக்கு 29 மணி நேரம் ஆனது! ஏன்? சல்லி என்ற அந்த நீல நிற மிருகத்துக்கு மட்டும் 55 லட்சம் முடி. வெளிச்சத்தையும் முன்பைவிட உண்மையாகக் கணக்குப் போட்டார்கள்.

இது பசி. தம்பியின் பிரச்சினை இது இல்லை. அவன் ஓட்டியது அதே பழைய காட்சி, அதே அமைப்பு. பசி ஏறவில்லை, சமையல்தான் தாமதம். ஆக, முதல் சோதனை: பழைய மெஷினில் ஓடிய அதே ஃபைலைப் புதியதில் ஓட்டுங்கள். அதே பதிப்பு, அதே செட்டிங். அதுவும் மெதுவாக இருந்தால் மட்டுமே மெஷின்மீது சந்தேகப்பட நமக்கு உரிமை உண்டு.

கோர் கூடினால் வேகம் கூடுமா?

இன்று புது மெஷின் வாங்குபவர் முதலில் எண்ணுவது கோர்களைத்தான். அந்தப் பழக்கம் வந்து 20 வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் எல்லோரும் கேட்டது “எத்தனை மெகாஹெர்ட்ஸ், எத்தனை கிகாஹெர்ட்ஸ்?” என்றுதான். 2004-இல் பென்டியம் 4 சிப்பு 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அதற்கு மேல் ஏற்ற முடியாதபடி சூடும் மின்செலவும் மறித்துக்கொண்டன. அதே வருடம் மே மாதம், டேஜஸ் என்று பெயரிட்டு வளர்த்துக்கொண்டிருந்த அடுத்த சிப்பை இன்டெல் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ம் வெளியே வரவில்லை. 2005-இல் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே சாதாரண மேஜைக் கணினிக்கு இரட்டைக் கோர் சிப்பு விற்க ஆரம்பித்தன. உயரமாகக் கட்ட முடியாதவர்கள் அகலமாகக் கட்டத் தொடங்கினார்கள்.

அகலமாகக் கட்டுவதில் இருக்கும் சிக்கலை ஐபிஎம் பொறியாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே ஒரு மாநாட்டில் சொல்லிவிட்டார். பங்கு போட முடியாத வேலை கொஞ்சம் இருந்தாலும், கடைசியில் அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஃபிரேமுக்கு ஒரே கோரில் 60 நிமிடம் ஆகிறது. அதில் 3 நிமிடம், காட்சியைத் திறந்து, படங்களை வட்டிலிருந்து ஏற்றி, அந்தப் பெட்டி அடுக்கைக் கட்டும் வேலை. அதை ஒரு கோர்தான் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 57 நிமிடத்தை எத்தனை கோர் வேண்டுமானாலும் பங்கு போட்டுக்கொள்ளலாம். 32 கோர் இருந்தால் 57 நிமிடம் 1.8 நிமிடமாகச் சுருங்கும். ஆனால் அந்த 3 நிமிடம் அப்படியே நிற்கும். மொத்தம் 4.8 நிமிடம். அதாவது 32 கோருக்குக் காசு கொடுத்தவருக்குக் கிடைப்பது பன்னிரண்டரை மடங்கு. இன்னும் காசு போட்டு 64 கோர் வாங்கினால் 15 மடங்கு. கோர் இரட்டிப்பானது, வேகம் கால் பங்குதான் கூடியது.

இந்த வகை மந்தம் மீட்டரில் தெளிவாகத் தெரியும். ஃபிரேம் தொடங்கும்போது ஒரே ஒரு கோர் மட்டும் ஓடும், மற்றதெல்லாம் கைகட்டி நிற்கும். தம்பி சொன்னதோ எல்லா கோரும் 100 சதவீதம் என்று. ஆக, ஆம்டாலும் குற்றவாளி இல்லை.

அப்படியென்றால் 100 சதவீதம் காட்டியும் வேலை நடக்காமல் இருக்குமா? இருக்கும். 2018-இல் உலகத்தின் கண்ணெதிரே அது நடந்தது.

2018: நியாயமான ஒரு பொய்

அந்த வருடம் ஆகஸ்டில் ஏஎம்டி நிறுவனம் த்ரெட்ரிப்பர் 2990டபிள்யூஎக்ஸ் என்ற சிப்பை வெளியிட்டது. 32 கோர், 64 த்ரெட், விலை 1,799 டாலர். ஒரு தனி மனிதர் தன் மேஜையில் 32 கோர் வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைக்குப் பெரிய சேதி. ரெண்டரிங் செய்பவர்கள்தான் முதலில் திரும்பிப் பார்த்தார்கள்.

சோதனைகள் வந்தன. பிளெண்டர் போன்ற சில நிரல்களில் சிப்பு பறந்தது. ஆனால் இண்டிகோ என்ற ரெண்டரர், 7-ஜிப் என்ற சுருக்கும் நிரல் போன்றவற்றில் விண்டோஸில் படுமோசம். பாதி விலையில் கிடைத்த 16 கோர் 2950எக்ஸ் சிப்பிடமே சில இடங்களில் தோற்றது.

காரணம் தயாராக இருந்தது. இந்தச் சிப்பு உள்ளே நான்கு துண்டுகளாக இருக்கும், துண்டுக்கு 8 கோர். அவற்றில் இரண்டு துண்டுகளுக்கு மட்டுமே ரேமோடு நேரடித் தொடர்பு. மற்ற இரண்டும் பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது மாதிரி, பக்கத்துத் துண்டு வழியாகத்தான் மெமரிக்குப் போக வேண்டும். “16 கோர் தண்ணிக்குக் காத்துக் கிடக்குது, அதான் மெதுவா இருக்கு” என்று எல்லோரும் சொன்னார்கள். வரைபடத்தைப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றும். அவ்வளவு நியாயமான விளக்கம்.

ஆனால் ஒரு உறுத்தல் இருந்தது. ஃபோரோனிக்ஸ் என்ற தளம் இதே சிப்பை லினக்ஸில் ஓட்டிக் காட்டியபோது அங்கே நன்றாகவே ஓடியது. சிப்பு அதேதான், ரேமும் அதேதான். மெமரிதான் பிரச்சினை என்றால் லினக்ஸிலும் அல்லவா படுத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வி எல்லோர் முன்னாலும் கிடந்தது. “லினக்ஸ் இதையெல்லாம் நல்லா சமாளிக்கும்பா” என்று சொல்லிவிட்டுப் பெரும்பாலோர் நகர்ந்துவிட்டார்கள்.

2019 ஜனவரியில் லெவல்ஒன்டெக்ஸ் சேனலை நடத்தும் வெண்டல் இதை மறுபடி கையில் எடுத்தார். அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம். அந்த விளக்கம் நியாயமாக இருக்கிறதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. அது உண்மையென்றால் வேறெங்கே என்ன நடக்க வேண்டும் என்று சோதித்தார். ஏஎம்டியின் எபிக் 7551 என்ற சர்வர் சிப்பிலும் 32 கோர், நான்கு துண்டுதான். ஆனால் அதில் ஒவ்வொரு துண்டுக்கும் சொந்தக் கிணறு உண்டு. மொத்தம் 8 மெமரி வழிகள். மெமரி பற்றாக்குறைதான் காரணம் என்றால் இந்தச் சிப்பில் பிரச்சினை வரக் கூடாது. விண்டோஸில் ஓட்டிப் பார்த்தார். அங்கேயும் அதே மந்தம்!

ஐந்து மாதமாக எல்லோரும் நம்பிய விளக்கம் அந்த ஒரே சோதனையில் கழன்றுவிட்டது.

அடுத்து நடந்தது இன்னும் வேடிக்கை. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரில் அது எந்தெந்த கோரில் ஓடலாம் என்ற பட்டியலைத் திறந்து, முதல் கோருக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தால், இண்டிகோ ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. ஒரு கோரைக் குறைத்தால் வேகம் கூடுகிறது! பிட்சம் நிறுவனத்தின் ஜெரமி கொலேக்கோடு சேர்ந்து தோண்டியபோது விஷயம் தெரிந்தது. எந்த த்ரெட் எந்த கோரில் ஓட வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் விண்டோஸின் பகுதிதான் குழம்பிக்கொண்டிருந்தது. நிரலுக்கு உகந்த துண்டு இது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லா த்ரெட்டையும் அங்கேயே தள்ளப் பார்ப்பது, இடம் இல்லாமல் அவற்றை வேறிடம் அனுப்புவது, மறுபடி இழுப்பது. செயலியின் நேரத்தில் பெரும் பங்கு இந்த இடமாற்றத்திலேயே கரைந்தது. மேஸ்திரி ஓயாமல் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் செங்கல் எப்படி ஏறும்? ஆனால் மீட்டரைப் பார்த்தால் 100 சதவீதம். எல்லோரும் நடந்துகொண்டுதானே இருக்கிறார்கள்!

கொலேக் தன்னுடைய கோர்ப்ரியோ என்ற சிறு நிரலில் இந்தக் குழப்பத்தை அவிழ்க்கும் வசதியைச் சேர்த்தார். மெஷினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் பலருக்கு வேகம் திரும்பி வந்தது. 2019 கடைசியில் வந்த அடுத்த தலைமுறையில் ஏஎம்டி மெமரித் தொடர்பை எல்லாம் நடுவில் ஒரே துண்டில் வைத்துவிட்டது. துண்டுக்குத் துண்டு இருந்த அந்த ஏற்றத்தாழ்வே போய்விட்டது.

64 என்ற சுவர்

கதை அங்கேயும் முடியவில்லை. 2020 பிப்ரவரியில் 64 கோர், 128 த்ரெட் கொண்ட 3990எக்ஸ் வந்தது. விண்டோஸில் செயலிகளைக் குறித்து வைக்கும் பட்டியல் ஒரு 64 பிட் எண்ணுக்குள் அடங்குவது. ஒரு பிட்டுக்கு ஒரு செயலி. 64-க்கு மேல் போனால் விண்டோஸ் 7 காலத்திலிருந்தே அது செயலிகளைக் குழுக்களாகப் பிரித்துவிடும். இரண்டாவது குழுவைத் தனியாகக் கேட்டு வாங்கத் தெரியாத நிரல் ஒரு குழுவிலேயே உட்கார்ந்திருக்கும். 128 த்ரெட்டுக்குக் காசு, 64-க்கு வேலை. விண்டோஸ் 11-இல்தான் நிரல்கள் கேட்காமலே எல்லாக் குழுக்களிலும் பரவும்படி மாற்றினார்கள். நல்லவேளையாக இந்த வகையை மீட்டரே காட்டிக்கொடுக்கும். சரியாகப் பாதியில் நின்றால் சந்தேகப்படலாம்.

தம்பியின் மெஷின்

இவ்வளவையும் படித்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். பெரும்பாலான மீட்டர்கள் காட்டுவது நேரக் கணக்குதான்: கோர் சும்மா இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். மெமரிக்குக் காத்திருந்தாலும் 100. இடம் மாறிக்கொண்டிருந்தாலும் 100. ஆமை வேகத்தில் நடந்தாலும் 100. இதில் அவனுடையது எது என்று பிரிக்க வேண்டும்.

“கடையில ஓட்டிக் காட்டினாங்களா?”ன்னு கேட்டேன்.

“காட்டினாங்கண்ணே. சின்ன சீன் ஒண்ணு, 20 செகண்ட்ல முடிஞ்சிடுச்சு. சூப்பரா இருந்துச்சு.”

20 செகண்ட் நன்றாக ஓடுவது 40 நிமிடம் திணறுகிறது என்றால், நடுவில் ஏதோ மாறுகிறது. எதையும் அழித்துப் போடாதே, எதையும் மாற்றாதே, படத்தை ஓட விட்டு செயலியின் வேகத்தையும் சூட்டையும் மட்டும் பதிவு செய் என்றேன். அரை மணியில் அனுப்பினான். ஆரம்பத்தில் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். ஒரு நிமிடத்துக்குள் சூடு 95 டிகிரி. பிறகு வேகம் சரிந்து 1.7-இல் போய்ப் படுத்துக்கொண்டது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிப்பு தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கூலரைக் கழற்றினான். அடிப்பாகத்தில், செயலியில் ஒட்ட வேண்டிய இடத்தில், மெல்லிய பிளாஸ்டிக் தாள். மாட்டுவதற்கு முன் உரித்துவிடவும் என்று அதன்மீதே அச்சடித்திருந்தது.

உரித்து, பசை தடவி, திரும்ப மாட்டினான். அதே படம் 17 நிமிடம்.

சாஃப்ட்வேர்மீதும் தப்பில்லை, சிப்பின்மீதும் தப்பில்லை. இரண்டு நல்ல பொருள்கள் சேரும் இடத்தில் இருந்தது பழுது. 2018-இல் சிப்பும் விண்டோஸும் சேரும் இடம். இங்கே செம்பும் சிப்பும் சேரும் இடம். அதைக் கண்டுபிடிக்க உதவியதும் அதே பழைய வழிதான்: விளக்கத்தை ஒத்திப்போடு, அளந்து பார், ஒன்றை மட்டும் மாற்று, மறுபடி அளந்து பார்.

வேண்டாமென்று சொல்ல இருந்த வேலையை அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். அடுத்த மாதத் தவணையைப் பற்றி இப்போது பேசுவதில்லை. உரித்த அந்தத் தாளை மட்டும் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறானாம்.